மூடிய விளக்குக்குள் எல்.இ.டி., சி.எஃப்.எல். பல்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கூரையோடு ஒட்டிய கண்ணாடி டோம், ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய குளியலறை விளக்கு, பொய்க்கூரைக்குள் புதைத்த டவுன்லைட், வெளிச்சுவரில் மாட்டும் வட்ட விளக்கு எனக் காற்று போய்வர வழியில்லாத விளக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். இவற்றில் மின்சிக்கன பல்பு போட்டவர்களின் புகார்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து வருகிறேன். பல்பு சீக்கிரம் போவது பணத்துக்கு நட்டம். ஹோல்டரும் கம்பியும் வெந்துபோவது வீட்டுக்கே ஆபத்து. இரண்டும் ஒரேபோலத்தான் தொடங்குகின்றன. பெரும்பாலோர் பல்பை மட்டும் மாற்றிவிட்டு மூடியைத் திருகிவிடுகிறார்கள். ஹோல்டரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பல்பின் சூட்டை விளக்கு தாங்குமா? விளக்குக்குள் தேங்கும் சூட்டைப் பல்பு தாங்குமா? விளக்கில் 'அதிகபட்சம் 60 வாட்' என்று எழுதியிருந்தால் அது முதல் கேள்விக்கான விடை மட்டுமே. அந்த 60 என்பது பல்பு உண்மையில் இழுக்கும் வாட். '60 வாட் குண்டு பல்புக்கு இணையான வெளிச்சம்' என்று அட்டையில் போட்ட எல்.இ.டி. பல்பு இழுப்பது 9 வாட் அளவுதான், சி.எஃப்.எல். என்றால் 14 அல்லது 15. ஆகவே விளக்குக்கு இவற்றால் பாரம் குறைவு. இரண்டாம் கேள்விதான் பல்பைக் கொல்கிறது. குண்டு பல்பில் சூட்டால் கெட மின்னணுப் பாகம் எதுவும் கிடையாது. எல்.இ.டி., சி.எஃப்.எல். இரண்டிலும் அடிப்பகுதிக்குள் ஒரு சிறிய சர்க்யூட் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகவே நின்றால் அதன் ஆயுள் சுருங்கும்.

## கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. அந்த விளக்குக்குரிய எம்.சி.பி.யையே (மின்பலகையில் அந்த இணைப்பைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை) இறக்குங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) இல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பிப் போகும் கம்பியில்) போடப்பட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். டெஸ்டர் பயன்படுத்துவதானால் முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹோல்டரில் சோதித்துவிட்டு, மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒளிராத டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது.

அரை மணி நேரம் ஆற விடுங்கள். நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏற வேண்டாம். உறுதியான ஏணியும் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். கண்ணாடி டோமைக் கழற்றும்போது கடைசித் திருகைத் தளர்த்துவதற்கு முன்பே மறுகை அதைத் தாங்கியிருக்க வேண்டும்.

## இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள்

பிளாஸ்டிக் கருகும் வாடை, காரணம் தெரியாத மீன் வாடை, புகை, 'சட் சட்' என்ற பொறிச் சத்தம், விளக்கின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது, விளக்கைப் போட்டதும் எம்.சி.பி. விழுவது, விளக்கைச் சுற்றிக் கூரையில் பழுப்புக் கறை. இவற்றில் எதையாவது கண்டால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கீழே 'கருகிய வாடை' என்ற தலைப்புக்கு நேராகச் செல்லுங்கள். 'இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்' என்று மட்டும் செய்யாதீர்கள்.

## அறிகுறி: பல்பு சில மாதங்களிலேயே போய்விடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சோதனையும் எளிது: இடம் மாற்றிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் அதே வகைப் பல்பு திறந்த ஹோல்டரில் நன்றாக ஓடுகிறது, இந்த மூடிய விளக்கில் மட்டும் சாகிறது என்றால் குற்றம் சூட்டிலோ இந்த ஹோல்டரிலோ இருக்கிறது. வீட்டின் எல்லா இடத்திலும் பல்புகள் சாகின்றன என்றால் இந்தத் தலைப்பின் கடைசிப் பகுதிக்குத் தாவுங்கள்.

### மூடிய விளக்குக்கு ஏற்ற பல்பா?

அட்டையையும் பல்பின் கழுத்தையும் படியுங்கள். மூடிய விளக்கில் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அல்லது மூடிய விளக்குக்கு ஏற்றது என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ஏற்றதல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில அட்டைகளில் வெப்பநிலை வரம்பும் இருக்கும். மேல் எல்லை 40 அல்லது 45 டிகிரி செல்சியஸ் என்று காணலாம். அது அறையின் வெப்பநிலை அல்ல, பல்பைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை. வெயில் காலத்தில் கூரையடிக் காற்றே 35 டிகிரியைத் தொடும் வீட்டில், டோமுக்குள் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும்.

அட்டையில் போட்ட ஆயுளை நம்பி ஏமாந்ததாகப் பலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த எண் திறந்த காற்றில் எரியும் பல்புக்கானது. பல்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு (சர்க்யூட்டில் மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் பாகத்துக்கு) ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 20 டிகிரி ஏறினால் கால் பங்குதான் மிஞ்சும்.

### வாட் அதிகமா, பல்புகள் அதிகமா?

விளக்கின் 60 வாட் எல்லையைப் பார்த்து, 'அப்படியானால் 20 வாட் எல்.இ.டி. தாராளமாகப் போடலாம்' என்று கணக்குப் போடுகிறார்கள். விளக்கு தாங்கும், பல்பு தாங்காது. சிறிய மூடிய டோமுக்கு 9 வாட்டைத் தாண்டாமல் இருப்பது என் வழக்கம். 5 அல்லது 7 வாட் போதுமென்றால் அதுவே மேல். ஒரே டோமுக்குள் மூன்று ஹோல்டர் இருந்தால் மூன்றையும் நிரப்பாமல் இரண்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். வெளிச்சக் குறைவு நினைத்த அளவு இருக்காது, பல்பின் ஆயுள் கூடுவது கண்கூடாகத் தெரியும். காலி ஹோல்டர் மூடிக்குள் இருக்கும் வரை பயமில்லை. மூடி இல்லாத விளக்கில் ஹோல்டரைக் காலியாக விடக் கூடாது.

### இடமும் திசையும்

பல்பு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பல்பு தலைகீழாகத் தொங்குகிறதா, அதாவது அடிப்பகுதி மேலே இருக்கிறதா? சூடான காற்று மேலேறி நேராகச் சர்க்யூட் இருக்கும் இடத்திலேயே தேங்கும். சி.எஃப்.எல். இந்த நிலையில் படும் பாடு அதிகம். விளக்கின் அமைப்பை மாற்ற முடியாதென்றால் வாட்டைக் குறைப்பதே வழி.

### டோமுக்குள் சூட்டை அளந்து பார்ப்பது

தெர்மோகப்பிள் எனப்படும் வெப்பம் அளக்கும் கம்பியுள்ள மல்ட்டிமீட்டர் இருப்பவர்கள் ஊகிக்கத் தேவையில்லை. எம்.சி.பி.யை இறக்கி, கம்பியின் நுனியைப் பல்பின் கழுத்துக்கு அருகே, ஹோல்டரின் உலோகத்தைத் தொடாமல், காற்றில் நிற்கும்படி வைத்து மூடியை மாட்டுங்கள். இரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். அதற்கு முன் எடுக்கும் அளவு பயன்படாது, சூடு ஏறிக்கொண்டே இருக்கும். கிடைத்த எண்ணை அட்டையின் மேல் எல்லையோடு ஒப்பிடுங்கள். தூரத்திலிருந்து சுடும் அகச்சிவப்பு வெப்பமானி இங்கே உதவாது; அது கண்ணாடி மூடியின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளிருப்பதைச் சொல்லாது.

கருவி இல்லாதவர்கள் சாதாரண அறைக்குள் இருக்கும் விளக்கில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்கலாம். குளியலறையிலும் வெளிச்சுவரிலும் இதைச் செய்யக் கூடாது. அங்கே மூடி நீருக்கு எதிரான காப்பு.

### ஹோல்டர் தளர்ந்திருக்கிறதா?

பின் வகை ஹோல்டரில் உள்ளே இருக்கும் இரண்டு ஊசிகளையும் பிளாஸ்டிக் குச்சியால் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே விசையோடு மேலே வர வேண்டும். ஒன்று அமுங்கியே கிடந்தால் அதன் ஸ்பிரிங் சூட்டில் செத்துவிட்டது. திருகு வகையில் நடுவில் இருக்கும் பித்தளை நாக்கு தட்டையாகிவிட்டதா பாருங்கள். பல்பைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அது இப்படி ஆகும். நாக்கைக் குச்சியால் இலேசாக நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது உடைந்தாலோ, அதில் கருப்புப் பொட்டு அரித்திருந்தாலோ ஹோல்டரை மாற்றியே ஆக வேண்டும். தளர்ந்த தொடர்பு தானே சூட்டை உண்டாக்கும். பல்பின் சூட்டோடு அதுவும் கூடுதலாகச் சேரும்.

### வீடு முழுவதும் பல்புகள் சாகின்றன

இது விளக்கின் கோளாறு அல்ல. ஓர் அறையில் வெளிச்சம் திடீரென்று கூடி, இன்னோர் அறையில் குறைகிறது என்றால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கலாம். அது பல்போடு நிற்காது. குளிர்பெட்டியையும் தொலைக்காட்சியையும் எரித்துவிடும். மெயினை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனையோ மின்விநியோக அலுவலகத்தையோ அழையுங்கள். உங்கள் கையால் பார்க்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

### செலவு குறைந்த தீர்விலிருந்து

குறைந்த வாட் பல்பு, பிறகு மூடிய விளக்குக்கென்றே செய்யப்பட்ட பல்பு, பிறகு அடிப்பக்கம் திறந்த மூடி, பிறகு ஹோல்டர் மாற்றம். இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் டோமையே எடுத்துவிட்டு, எல்.இ.டி. தகடு உடம்போடு சேர்ந்த விளக்கைப் போடுங்கள். அதில் அலுமினிய உடம்பு முழுவதும் சூட்டை வெளியேற்றும். சர்க்யூட் தனிப் பெட்டியில் இருக்கும். விலை கூடுதலானாலும் மூடிய இடத்துக்கு இதுவே முறையான விளக்கு.

இருக்கும் டோமில் ஓட்டை போட்டுக் காற்று விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பூச்சியும் ஈரமும் உள்ளே போகும், கண்ணாடி விரிசல் விடும், விளக்கின் பாதுகாப்புத் தரம் அந்தக் கணமே போய்விடும்.

## அறிகுறி: சிறிது நேரம் எரிந்து தானே அணைகிறது, ஆறியதும் மறுபடி எரிகிறது

அணைவது எப்படி என்று கவனியுங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

படபடவென்று மின்னி மின்னி அணைந்தால்: பல்புக்குள் வரிசையாக இணைத்த எல்.இ.டி. சில்லுகளில் ஒன்று சூட்டில் தொடர்பு விடுகிறது. ஒன்று விட்டால் அந்த வரிசை முழுவதும் அணையும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பல்பைத் திறந்த ஹோல்டரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அங்கும் மின்னினால் பல்பு முடிந்தது. கெட்ட சில்லில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி தெரியும். அந்தச் சில்லைக் குறுக்கே இணைத்து மறுபடி ஓட்டும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள். மூடிய விளக்குக்கு அது வேண்டவே வேண்டாம். மீதிச் சில்லுகள் கூடுதல் சூட்டைச் சுமக்கும்.

வெளிச்சம் மெல்லக் குறைந்து பிறகு நிலைத்தால்: நல்ல பல்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. வாட்டைக் குறைத்துவிட்டால் சரியாகும்.

டவுன்லைட் திடீரென முழுதாக அணைந்து, பத்து இருபது நிமிடத்தில் திரும்ப வந்தால்: சில டவுன்லைட்டுகளின் கூட்டில் வெப்பத் துண்டிப்பான் இருக்கும். அது வேலை செய்கிறது, உங்களை எச்சரிக்கிறது. முதலில் பல்பின் வாட்டைப் பாருங்கள். அடுத்து, பொய்க்கூரைக்கு மேல் விளக்கின் முதுகை எதுவும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூரைச் சூட்டைத் தடுக்க விரித்த காப்புப் பஞ்சு டவுன்லைட்டின் மேல் படர்ந்துகிடப்பது இந்தக் கோளாறின் முதன்மையான காரணம். பஞ்சோடு தொடலாம் என்று குறிப்பிட்ட விளக்கு தவிர வேறெதையும் அது தொடக் கூடாது. துண்டிப்பானைப் பிடுங்கிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பஞ்சை விலக்கியும், வாட்டைக் குறைத்தும் அது விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.

சத்தத்தோடு அணைந்தால், அல்லது கதவு அடித்தால் விளக்கு துடித்தால்: தளர்ந்த தொடர்பு. பொறி பறக்கும் இடம் ஹோல்டரா, சுவிட்சா, இணைப்புப் பெட்டியா என்று தேட வேண்டியிருக்கும். ஹோல்டரை மட்டும் நீங்கள் பார்க்கலாம்; மற்றவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: வெளிச்சம் மங்கிவிட்டது, நிறம் மாறிவிட்டது

முதலில் மூடியைக் கழுவுங்கள். உள்ளே பூச்சியும் தூசியும் படிந்தே வெளிச்சத்தில் பெரும் பங்கை விழுங்கியிருக்கும். நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

கழுவியும் மங்கல் என்றால், எல்.இ.டி.யின் பால் நிற மூடி மஞ்சளித்திருக்கிறதா, ஒளி நீலமாகவோ பச்சையாகவோ சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் சூட்டின் தழும்பு அது. எல்.இ.டி.க்கு ஆயுள் என்று அட்டையில் சொல்வது பெரும்பாலும் வெளிச்சம் தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான நேரம். ஆகவே மங்கிய பல்பு ஆபத்தானது அல்ல, காலம் முடிந்தது, அவ்வளவே. சி.எஃப்.எல். போட்டதும் மங்கலாக எரிந்து ஓரிரு நிமிடத்தில் தெளிவது கோளாறு இல்லை. தெளிந்த பிறகு, டோமுக்குள் சூடேற ஏற மறுபடி மங்கினால் அந்த இடம் அதற்கு ஒவ்வாதது.

## அறிகுறி: துடிக்கிறது, இரைகிறது

டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், இருக்கிறதா? டிம்மருக்கு ஏற்றதல்ல என்று குறித்த பல்பை டிம்மர் உள்ள இடத்தில் போடவே கூடாது. குமிழை முழுமைக்குத் திருப்பி வைத்தாலும் சர்க்யூட் அளவுக்கு மீறிச் சூடேறும். மூடிய விளக்கும் டிம்மரும் தவறான பல்பும் ஒன்றுசேர்வது நான் மிகவும் அஞ்சும் கூட்டணி. குண்டு பல்புக்காகச் செய்த பழைய டிம்மர்களுக்கு 40 அல்லது 60 வாட் குறைந்தபட்சச் சுமை தேவைப்படுவதும் உண்டு. 9 வாட் பல்பு அதற்குப் போதாது, துடிக்கும். எல்.இ.டி.க்கான டிம்மரும் டிம்மருக்கான பல்பும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

டிம்மர் இல்லாமல் இரைந்தால் பல்பை வேறு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் பல்போடு போனால் பல்பு. அங்கேயே தங்கினால் ஹோல்டர்.

## அறிகுறி: அணைத்த பிறகும் மினுக்கென்று ஒளிர்கிறது

சூட்டோடு சேர்ந்தது அல்ல என்றாலும் பாதுகாப்புக்காக இதைச் சொல்லியாக வேண்டும். சுவிட்சில் சிறிய சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் மின்னோட்டமே எல்.இ.டி.யை ஒளிர வைக்கப் போதும். தானியங்கி சென்சார் சுவிட்சும் இதையே செய்யும். அதனால் தீங்கில்லை. ஆனால் சுவிட்சில் அப்படி எதுவும் இல்லாமல் பல்பு மினுங்கினால், சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். அப்படியிருந்தால் பல்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் உயிரோடு விளையாடுகிறீர்கள். திருத்த அதிக நேரம் எடுக்காத வேலை அது. வரும்போதே திருகு ஹோல்டர்களில் ஃபேஸ் நடு நாக்குக்கு வருகிறதா, வெளி வளையத்துக்கு வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நடு நாக்குக்குத்தான் வர வேண்டும்.

## அறிகுறி: கருகிய வாடை, பழுத்த ஹோல்டர்

எம்.சி.பி. இறங்கியிருக்கிறது, விளக்கு ஆறிவிட்டது என்பதை உறுதிசெய்துகொண்டு மூடியைக் கழற்றுங்கள். மூக்கையும் கண்ணையும் கொண்டே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம்.

வாடை பல்பில் மட்டும்: கெப்பாசிட்டர் உப்பி வெடித்திருந்தால் 'டப்' என்ற சத்தமும் கடுமையான வாடையும் வந்து, அதோடு ஓய்ந்திருக்கும். பல்பின் கழுத்து பழுத்திருக்கும், ஹோல்டர் சுத்தமாக இருக்கும். பல்பைத் தூக்கி எறிந்துவிட்டு, குறைந்த வாட்டில் மூடிய விளக்குக்கான பல்பைப் போடலாம்.

சி.எஃப்.எல். கழுத்தில் குழாய் நுழையும் இடத்தில் கருமை: குழாயின் முனையில் மின்வாய் தேய்ந்து ஆயுள் முடியும்போது அந்த இடம் கடுமையாகச் சூடேறும், பிளாஸ்டிக் பழுக்கும், சில சமயம் இலேசான புகையும் வரும். நல்ல தயாரிப்பில் அப்போது தானே அணையும் ஏற்பாடு இருக்கும். மலிவான தயாரிப்பு தன் முனைகளை வறுத்துக்கொண்டே எரிய முயலும். குழாயின் முனைகள் கறுத்து, விளக்குத் துடிக்கத் தொடங்கிய சி.எஃப்.எல்.லை 'எரியும் வரை எரியட்டும்' என்று மூடிய டோமுக்குள் விட்டுவைக்காதீர்கள்.

ஹோல்டர் பழுத்திருக்கிறது, விரிசல் விட்டிருக்கிறது, தொட்டால் உதிர்கிறது: பல்பை மாற்றி மூடிவிடுவதோடு இது தீராது. ஹோல்டர் மாற வேண்டும். சூடு தாங்கும் பீங்கான் ஹோல்டர் கிடைத்தால் அதையே கேளுங்கள். மின்சார வேலை பழகாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஹோல்டருக்குப் போகும் கம்பியின் உறை கறுத்து, விறைத்து, வளைத்தால் பொடிகிறது: இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்.இ.டி. போட்ட பிறகுதான் கண்ணில் படுகிறது என்பதால் எல்.இ.டி.யே காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். பல வீடுகளில் உண்மையான காரணம் அதே டோமில் முன்பு வருடக்கணக்காக எரிந்த 60, 100 வாட் குண்டு பல்பு. சாதாரண பி.வி.சி. உறையின் எல்லை 70 டிகிரி செல்சியஸ். குண்டு பல்பின் மேலே இருக்கும் கம்பி அதைத் தாண்டிய சூட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, அசையாமல் இருக்கும் வரை உருவம் கலையாமல் நிற்கும். புது பல்பு போட விளக்கைக் கழற்றி ஆட்டும்போதுதான் உறை உதிர்கிறது, செம்பு வெளியே தெரிகிறது, உலோகக் கூட்டைத் தொடுகிறது. எர்த் இல்லாத பழைய விளக்கென்றால் அந்தக் கூடு முழுவதும் மின்சாரம்.

ஆகவே பழைய டோமுக்குள் முதன்முதலாக எல்.இ.டி. போடுகிறவர்கள், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், ஒருமுறை கம்பியைக் கண்ணால் பாருங்கள். கையால் வளைத்துப் பார்க்க வேண்டாம். நிறம் மங்கிக் கறுத்திருந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கூரைக்குள்ளிருந்து நல்ல கம்பி வரும் இடம் வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து ஹோல்டர் வரை சூடு தாங்கும் சிலிக்கான் உறைக் கம்பி போட்டுத்தர வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றித் தருவது தீர்வாகாது. சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, சுற்று அவிழும்.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. எல்.இ.டி.க்கென்றே செய்த, 'அதிகபட்சம் 12 வாட்' போன்ற குறிப்புள்ள பிளாஸ்டிக் விளக்கில் குண்டு பல்பையோ ஹாலஜனையோ திருகிவிடுகிறார்கள். ஹோல்டர் பொருந்துகிறது என்பதால் விளக்கு தாங்கும் என்று ஆகிவிடாது. அந்தப் பிளாஸ்டிக் உருகும்.

## அறிகுறி: மூடிக்குள் நீர் கோத்திருக்கிறது, மழை நாளில் எம்.சி.பி. விழுகிறது

வெளிச்சுவர் விளக்குகளில் சகஜம். ரப்பர் வளையம் சூட்டில் விறைத்து வெடித்திருக்கும். அல்லது மூடியைத் திரும்ப மாட்டும்போது மடங்கியிருக்கும். எம்.சி.பி.யை இறக்கி, மூடியைத் திறந்து, உலர்த்தி, வளையத்தை மாற்றுங்கள். கம்பி நுழையும் துளை மேல்பக்கம் இருந்தால் நீர் அதன் வழியாகவே வரும். அதை அடைக்க வேண்டும். உலர்த்திய பிறகும் எம்.சி.பி.யோ மின்கசிவுத் துண்டிப்பானோ விழுந்தால் நீங்கள் மேற்கொண்டு தேட வேண்டாம், எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி.

## அறிகுறி: பல்பு கழன்றுவந்தது, அடி மட்டும் ஹோல்டரிலேயே நிற்கிறது

சூட்டில் பசை விட்டுப்போன பல்பு கழற்றும்போது இரண்டாக வரும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கை வைக்காதீர்கள், எம்.சி.பி. இறங்கியே இருக்க வேண்டும். கூர்மூக்குக் குறடால் தகட்டின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். அசையாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஹோல்டரோடு சேர்த்து மாற்றிவிடலாம். எப்படியும் அந்த ஹோல்டர் சூட்டில் அடிபட்டதுதான்.

## அறிகுறி: சி.எஃப்.எல். டோமுக்குள்ளேயே உடைந்துவிட்டது

உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அளவு சிறியது, பதற்றம் வேண்டாம். முறையாகத் துடைத்தால் போதும். எம்.சி.பி.யை இறக்கி, குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் நீங்களும் வெளியே நில்லுங்கள். ஏ.சி. ஓடினால் அணையுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டும் பாதரசத்தைப் பரப்பும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, கடைசியாக ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாதாரணக் குப்பையில் சேர்க்காமல் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உடையாமல் ஆயுள் முடிந்த சி.எஃப்.எல்.லுக்கும் இதே இடம்தான்.

அந்த டோமுக்கு மறுபடியும் சி.எஃப்.எல். தேடி அலையாதீர்கள். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், 30 வாட் வரையிலான வீட்டு சி.எஃப்.எல். பல்புகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2025ஆம் ஆண்டு முடிவுக்காலமாகக் குறிக்கப்பட்டது. இனிக் கிடைப்பது பெரும்பாலும் பழைய இருப்பாகத்தான் இருக்கும். ஹோல்டரைச் சோதித்துவிட்டு, மூடிய விளக்குக்கு ஏற்றது என்று எழுதிய 7 அல்லது 9 வாட் எல்.இ.டி.யைப் போட்டு, முதல் நாள் இரண்டு மணி நேரம் எரிந்த பிறகு எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மூடியைத் திறந்து ஹோல்டரின் நிறத்தையும் வாடையையும் ஒருமுறை பாருங்கள்.